பூங்காவின் பதினோராம் விதி

நெட்டில் க்ரீக், அயோவா.
ஆகஸ்டு மாதம், மக்காச்சோளம் முற்றிக்கொண்டிருக்கும் வாரம்.

அன்புத் தங்கை லவோனுக்கு உன் அண்ணன் ஆரின் வெசெலி மரியாதையோடும் தாங்க முடியாத மகிழ்ச்சியோடும் எழுதுவது.

உறையின் மேல் இருப்பது யார் கையெழுத்து என்று நீ திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். என்னுடையது. யாரும் எழுதித் தரவில்லை. இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல ஓப்பல்தான் உனக்கு எழுதினாள், நான் சொன்னதில் பாதியை அவள் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டாள் என்று எனக்கு அப்போதே சந்தேகம் உண்டு, மனைவியிடம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அவள் போன பிறகு என்னிடமிருந்து உனக்குக் கடிதம் வராததன் காரணம் உனக்கே தெரியும். இப்போது எழுத வந்துவிட்டது. எண்பத்திரண்டு வயதில் வந்தாலும் வந்ததுதான். இங்கே நான் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அரிசோனா வெயிலில் நீயும் உன் வாசலில் நிற்கும் கள்ளிச்செடியும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கள்ளி வாடாது என்று தெரியும், இருந்தாலும் விசாரிப்பது மரியாதை. இந்தக் காற்புள்ளி இருக்கிறதே, எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், முற்றுப்புள்ளி வைத்தால் பேச்சு நின்றுவிடுகிறது, காற்புள்ளி வைத்தால் யாரோ எதிரில் உட்கார்ந்து ‘ம், மேலே சொல்லு’ என்று கேட்பது போல இருக்கிறது, அதனால் இந்தக் கடிதத்தில் அது நிறைய வரும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். உன் கார்னெட் குழலின் ஊதுமுனை கிடைத்துவிட்டது. அதேதான், வெள்ளிப் பூச்சு உள்ளது, நம் மாட்டுக்கொட்டகைத் தரையில் விழுந்து விளிம்பில் கொஞ்சம் நசுங்கியது. நம் ஊர்ப் பூங்காவில் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை உனக்குத் தபாலில் அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. நீதான் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும், அதுவும் செப்டம்பரில் தொழிலாளர் தின விடுமுறை முடிவதற்குள் வர வேண்டும், அதற்கு மறுநாள் அந்த இடத்தில் கான்கிரீட் கொட்டப் போகிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது, இதைவிடப் பெரியது. அதை எடுத்தது டெல்மர் இல்லை. என்னிடம் ஆதாரம் இருக்கிறது. டெல்மர் ஹூபர் என்ற பெயரைக் கண்டதும் நீ கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். எடுத்துக்கொள், இன்னும் நிறைய இருக்கிறது.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். ஓப்பலை அடக்கம் செய்த பிறகு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, தினமும் பூங்காவுக்குப் போய் டெல்மரின் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தேன். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவன் அந்த பெஞ்சில்தான் இருக்கிறான், பேண்டு மேடையைப் பார்த்தபடி. ஒருநாள் என் சட்டைப்பையில் பிரிக்காத கடிதங்கள் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான்.

“என்னடா இது?”

“தெரிஞ்சா பிரிச்சிருக்க மாட்டேனா? கரண்டு பில்லா இருக்கும், இல்ல யாராவது செத்துப் போயிருப்பாங்க.”

“செத்தவங்க கடுதாசி போட மாட்டாங்க. எந்திரி, வா என்கூட.”

வாசலில் இருக்கும் பூங்கா விதிப் பலகை உனக்கு நினைவிருக்கும், பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் பெரிது. அதன் முன்னால் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, “இதான் உன் பாடப் புத்தகம். மழையில நனையாது, பனியில கிழியாது, வீட்டுல மறந்து வெச்சிட்டும் வர முடியாது” என்றான். முதலில் எல்லா விதிகளையும் அவன் படித்துக்காட்டி என்னை மனப்பாடம் செய்ய வைத்தான், பிறகு எழுத்தெழுத்தாகத் தேட வைத்தான். டிசம்பரில் கையுறையால் பனியை வழித்துவிட்டுப் படித்தோம். இரண்டாம் விதி முடிவதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது. என் தலைக்குள் முதலில் நுழைந்த எழுத்து அந்த விதிகள்தான், லவோன், அதனால் மற்றவர்களுக்கு வேதப் புத்தகம் எப்படியோ எனக்கு அந்தப் பலகை அப்படி ஆகிவிட்டது. நாயைக் கயிற்றில் கட்டித்தான் கூட்டி வர வேண்டும். வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது. நான்காம் விதி, பூங்காவுக்குள் கெட்ட வார்த்தை பேசக் கூடாது. டெல்மர் ஒருமுறை பெஞ்சில் முட்டியை இடித்துக்கொண்டபோது வாயை இறுக மூடிக்கொண்டு, நொண்டிக்கொண்டே சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி வந்தான். விதி என்றால் அவனுக்கு எவ்வளவு மரியாதை என்று நான் பெருமைப்பட்டேன்.

ஆறிலிருந்து பத்து வரை எல்லாமே மெட்டல் டிடெக்டர் வைத்து மண்ணுக்குள் தேடுகிறவர்களுக்கான விதிகள். இவ்வளவு கஷ்டப்பட்டுப் படித்த விதிகளில் பாதி எனக்குப் பயன்படாமல் போவது நியாயமாகப் படவில்லை, அதனால்தான் அந்தக் கருவியையே வாங்கினேன். பழைய சாமான் விற்ற ஒரு வீட்டு வாசலில் கிடைத்தது. ஊர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி அட்டையைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். கருவியின் சத்தம் மற்றவர்களைத் தொந்தரவு செய்யாமல் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கதவின் கீல் போல விட்டுத் திறக்க வேண்டும், மண்ணை ஒரு துணியில் கொட்டி வைத்து, அதே மண்ணைப் போட்டு மூடி, புல்லை மடித்து, மேலே காலால் மிதித்துவிட வேண்டும், மறுநாள் அங்கே தோண்டியது தோண்டியவனுக்கே தெரியக் கூடாது. மர வேர் பக்கம் போகக் கூடாது. இன்னொருவர் தோண்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் எட்டிப் பார்க்கக் கூடாது. குப்பை கிடைத்தால் தொட்டியில் போட வேண்டும். ஒன்பதாம் விதிதான் பெரியது, மண்ணுக்குள் கிடைக்கும் பொருள் எதையும் பூங்காவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பத்தாவது, பொருளுக்கு உரியவர் நேரில் வந்து, அலுவலகத்தில் அடையாளம் சொல்லி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். உரியவர் மட்டும்தான், உரியவரின் அண்ணன் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்.

முதல் நாள் நடந்ததை டெல்மர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் உனக்கும் வந்து சேர்ந்திருக்கும், இருந்தாலும் சரியானபடி நான் சொல்லிவிடுகிறேன். கருவியை இயக்கியதுமே பலமான சத்தம் கேட்டது. வெட்டினேன், ஒன்றும் இல்லை. ஓரடி தள்ளினேன், அங்கேயும் அதே சத்தம், அங்கேயும் ஒன்றும் இல்லை. பூங்கா முழுக்க அடியில் இரும்புதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது, ஏதோ ரயில் புதைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே வாத்துக் குளம் வரை தோண்டிக்கொண்டு போனேன், டெல்மர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, “ஆரின், உன் பூட்ஸைக் கழட்டிட்டுப் பாரேன்” என்றான். விரலைக் காப்பாற்ற முன்னால் இரும்பு வைத்த வேலைப் பூட்ஸ், வயலில் வடிகால் குழாய் பதிக்கும்போது முப்பது வருஷம் போட்டது. அன்று மாலை வரை நான் காலுறையோடு நின்று எல்லாக் குழிகளையும் விதிப்படி மூடினேன்.

அதற்குப் பிறகு நன்றாகப் போயிற்று. மற்ற ஊர்க்காரர்கள் கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்களாம், நான் ஒன்பதாம் விதிப்படி எடுத்து, துடைத்து, ஆசை தீரப் பார்த்துவிட்டு, கிடைத்த இடத்திலேயே திரும்ப வைத்து மூடிவிடுவேன், மீன் பிடித்து ஆற்றிலேயே விடுகிறார்களே அது போல. பிறகு உரியவரைத் தேடிப் போய்ச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்கள். போதகர் நார்டல் விஷயம்தான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. ஊஞ்சலுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய பல்செட்டு கிடைத்தது, உலோகக் கம்பி வைத்தது, ஒரு திருவிழாவில் ஆப்பிள் பை பலகாரம் தின்னும் போட்டியில் காணாமல் போனதாம். எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் பொருளின் அடையாளத்தை எழுதி அலுவலக வாசலில் ஒட்டுவார்கள், பை போட்டியில் தான் கலந்துகொண்டது சபையாருக்குத் தெரியக் கூடாது என்கிறார். அதைக் குழாயில் கழுவி, சோப்புப் போட்டு, மறுபடி கழுவி மாட்டிப் பார்த்தார்.

“ஆரின், இப்ப இருக்கிறதைவிட இது நல்லாப் பொருந்துதுய்யா.”

“பூங்காவுக்குள்ள போட்டுக்கறதுக்குத் தடை இல்லைங்க ஐயா. வெளிய போகும்போது குடுத்துடுங்க.”

அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் அவித்த சோளக்கதிர் இரண்டு கொண்டுவந்து, நான் பல்லை எடுத்துக் கொடுக்க, பெஞ்சில் உட்கார்ந்து திருப்தியாகத் தின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அலுவலகத்தில் இப்போது ஜொலீன்தான் எல்லாம், நம் பீட்டர்சன் வீட்டுக் கடைசிப் பெண். அவள் இதைக் கேள்விப்பட்டு வந்து, “மாமா, பூங்காவுல தோண்டுறதுக்குத்தான் உங்களுக்கு அனுமதி குடுத்தேன், பல்லு வாடகைக்கு விடறதுக்கு இல்ல” என்றாள். வாடகை எதுவும் வாங்கவில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். டெல்மர் எனக்கு மனப்பாடம் செய்வித்தது பதினொரு விதிகள். பதினோராவது, பேண்டு மேடைக்கு இருபது அடிக்குள் யாரும் தோண்டக் கூடாது என்பது. நானும் அந்தப் பக்கம் கருவியைத் திருப்பியதே இல்லை. இந்த வசந்தத்தில், யார் துணையும் இல்லாமல் பலகை முழுவதையும் மேலிருந்து கீழே வரை நானே படித்து முடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, தொப்பியைக் கழற்றிவிட்டேன். ஆனால் பத்தோடு பலகை முடிந்துவிட்டது. பின்பக்கம் எழுதியிருப்பார்களோ என்று சுற்றிப் போய்ப் பார்த்தேன், குளவிக்கூடுதான் இருந்தது. ஜொலீனைக் கேட்டதற்கு, “எங்க தாத்தா காலத்துலேர்ந்து பத்துதான் மாமா” என்றாள். டெல்மரிடம் போனேன்.

“டெல்மர், பலகையில பத்துதான் இருக்கு.”

அவன் வாத்துகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எண்ணத் தெரியுமாடா உனக்கு?”

“எண்ண எப்பவுமே தெரியும். எழுத்துதான் தெரியாம இருந்துச்சு.”

“அழிஞ்சு போயிருக்கும்.”

“அழியறதுக்கு எடமே இல்லையே. பத்துக்குக் கீழ ஆணிதான் இருக்கு.”

“அப்ப என் கண்ணு சரியில்ல, விடு.”

பாவம், எனக்குப் பாடம் சொல்லியே அவன் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று நினைத்து, கண் மருத்துவரிடம் நானே என் வண்டியில் கூட்டிப் போனேன். மருத்துவர் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு நல்ல கண்ணைத் தான் கண்டதில்லை என்றார். மருத்துவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்ப முடியாது.

ஜூலை கடைசியில், பழைய மேடையை இடித்துவிட்டுப் புதிதாகக் கான்கிரீட் மேடை கட்டப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள், அதையும் நானே படித்தேன். இல்லாத விதியை மீற முடியாது என்பதால் போன வாரம் ஜொலீனிடம் சொல்லிவிட்டு அங்கே போனேன். டெல்மர் கூடவே வந்து, “அங்க என்னடா இருக்கும், துருப்பிடிச்ச ஆணிதான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே நின்றான். பின்பக்கப் படிக்குக் கீழே, மரப்பலகைக்கும் அடித்தளக் கல்லுக்கும் நடுவில், மணி அடித்தது போலச் சத்தம் கேட்டது. ஒரு சாண் ஆழத்தில் ஒரு தட்டைக் கல், கல்லுக்குக் கீழே உன் ஊதுமுனை. மண்ணைத் துடைத்து விளிம்பில் விரலை வைத்தேன், அந்த நசுங்கல் விரலுக்குத் தட்டுப்பட்டது, லவோன், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். டெல்மரும் உட்கார்ந்துவிட்டான்.

அன்று நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஜூலை நாலு, சுதந்திர தினம். உனக்குப் பதினெட்டு வயது. ஊர் பேண்டில் நீ கார்னெட், டெல்மர் பெரிய குழல், வசந்தத்தில் அவன் உன்னைக் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான், நீ யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாய். உன் தனி வாசிப்பைக் கேட்பதற்கென்றே வெள்ளைத் தொப்பி போட்ட இசைக் கல்லூரிக்காரர் ஒருவர் முதல் வரிசையில் எலுமிச்சைச் சாற்றோடு உட்கார்ந்திருந்தார். நீ பெட்டியைத் திறந்தால் கார்னெட் இருக்கிறது, ஊதுமுனை இல்லை. இன்னொரு கார்னெட்காரன் பொன்னுக்குவீங்கி வந்து வீட்டில் படுத்திருந்தான். டெல்மருடைய முனை டீ கப் அளவு, உன்னுடையதில் பொருந்தாது. உன் பாட்டை அவன் தன் பெரிய குழலில் ஊதினான், சர்க்கஸ் யானைக்குத் தொண்டை கட்டியது போல இருந்தது, தொப்பிக்காரர் எலுமிச்சைச் சாற்றைக் கூட முடிக்காமல் எழுந்து போனார். ஆப்பிள் பை அடுக்கிய மேசைகளுக்கு முன்னால் நீ ஊரே பார்க்க அவனிடம் சொன்னாய்.

“நீதான் எடுத்தே. வேற யாரும் என் பெட்டிகிட்ட வரலை.”

மறுநாள் காலைப் பேருந்தில் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் கார்னெட்டைத் தொடவில்லை என்று ஓப்பல் சொன்னாள். அவனும் யாரையும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓப்பலின் அடக்கத்துக்கு நீ வந்தபோது அவன் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றாய், சர்ச்சில் சாப்பாட்டுக்கும் இருக்கவில்லை, அவன் இரண்டு தட்டில் உணவு எடுத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றான். ஒரு தட்டை நான் சாப்பிட்டேன்.

இப்போது ஆதாரத்தைக் கேள். முந்தின நாள் இரவு மழை, மண் சேறாக இருந்தது. ஊதுமுனையைக் கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டே நடப்பது உன் பழக்கம். பின்பக்கப் படி வழியாகத்தான் நீங்கள் எல்லோரும் மேலே ஏறுவீர்கள், அந்தப் படிப் பலகைகளுக்கு நடுவில் மூன்று விரல் இடைவெளி உண்டு, நான் அளந்து பார்த்தேன். கையிலிருந்து நழுவியிருக்கிறது, இடைவெளியில் விழுந்திருக்கிறது, சேற்றில் புதைந்திருக்கிறது, அறுபது வருஷத்தில் இன்னும் கீழே இறங்கியிருக்கிறது. மேலே இருந்த தட்டைக் கல்லைப் பற்றி நீ கேட்பாய். கல்லும் கூடவே விழுந்திருக்க வேண்டும். ஆக யாரும் எடுக்கவில்லை. செய்யாத குற்றத்தை அறுபது வருஷம் ஒரு மனிதன் சுமந்துகொண்டு அந்த இடத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். இதை அவனிடம் சொல்லி, “நீ குத்தவாளி இல்லடா, இதோ சாட்சி” என்று முனையைக் கையில் கொடுத்தேன். சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், “மூடு ஆரின், மண்ணைப் போட்டு மூடு” என்றான். அவ்வளவு நல்லவன், தனக்கு நியாயம் கிடைப்பதைக்கூடப் பார்க்கக் கூச்சப்படுகிறான்.

விதிப்படி மூடிவிட்டு ஜொலீனிடம் போனேன். “உங்க தங்கச்சி பொருள்னு எனக்கும் தெரியும் மாமா, ஆனா உங்ககிட்ட குடுத்தா நாளைக்குப் போதகரோட பல்லை அவர் தம்பி வந்து கேப்பாரு” என்றாள். விதியை மாற்ற வேண்டுமென்றால் ஊர் மன்றம் அக்டோபரில்தான் கூடுகிறது. கான்கிரீட் செப்டம்பரில். இதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது என்று நீ நினைக்கலாம். எனக்குத் தெரிந்திருக்கும். நான் படித்த முதல் புத்தகம் அது.

ஆகவே நீ வர வேண்டும். விமானத்தில் வா, உன் மகனைக் காரோட்டச் சொல்லி வா, எப்படியாவது வா. மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். படிக்குக் கீழே நான் புல்லைத் திறந்து விடுகிறேன், முனையை உன் கையாலேயே நீ எடு. எடுத்துவிட்டு அந்த பெஞ்சுக்குப் போய் டெல்மரிடம் ஒரு வார்த்தை சொல். ‘நீ எடுக்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் போதும். எங்கள் வயதில் அடுத்த வருஷம் என்பதை நம்பி எதையும் தள்ளிப்போட முடியாது, அவனுக்கு நெஞ்சில் வேறு ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், அவன் பக்கத்தில் போனால் என் கருவி கத்துகிறது.

நாளைக் காலை இதை டெல்மரிடம் காட்டிப் பிழை திருத்திக்கொண்டு தபாலில் போடுவேன். அவனைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன், வெட்கப்படுவான், பார்க்கலாம்.

உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழட்டும், உன் பாலைவனத்தில் கிணறு வற்றாமல் இருக்கட்டும், உன் கண் உனக்குக் கடைசி வரை எழுத்தைக் காட்டட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். போதகரும் ஜொலீனும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

உன் அண்ணன்,
ஆரின் வெசெலி
(கையெழுத்தும் என்னுடையதே)

பின்குறிப்பு: டெல்மரிடம் காட்டிவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான், இரண்டு இடத்தில் பிழை திருத்தினான். தட்டைக் கல் வந்த இடத்தில் பென்சில் நின்றுவிட்டது.

“ஆரின், கல்லு எப்படிடா கூடவே விழும்?”

“மழையில உருண்டு வந்திருக்கும்.”

“கல்லை நான்தான் வெச்சேன்.”

எனக்குப் புரிய நேரமாயிற்று. “அப்ப முனையை?”

“அதையும்தான். மொதல்ல அது, அதுக்கு மேல கல்லு.” பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். “அந்தத் தொப்பிக்காரன் அவ ஊதறதைக் கேட்டிருந்தா அவளைக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பான். ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டா போதும்னு நெனச்சேன். மறுநாள் காலையில தோண்டி எடுத்து, கிடைச்சுதுன்னு குடுத்துடலாம்னு.”

“மறுநாள் காலையில அவ பஸ்ஸுல போயிட்டாளே.”

“தெரியும்டா. நான் பாதி தோண்டியிருந்தேன். பஸ்ஸு மேடையைத் தாண்டிப் போச்சு. மறுபடி மூடிட்டேன்.”

“எனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தியே. ஒருநாள் நானே பலகையைப் படிச்சிடுவேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏண்டா சொல்லிக் குடுத்தே?”

“எத்தனை வருஷம்தான் நான் ஒருத்தனே காவல் காக்கறது?”

நான் எழுந்து சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவன் அதே இடத்தில் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டியதுதான் முறை. ஆனால் இதை எழுத எனக்குப் பல நாள் ஆகியிருக்கிறது, ஒவ்வொரு எழுத்தும் என் கையால் வந்தது, அடிக்க மனம் வரவில்லை. ஆதாரம் என்று நான் எழுதிய பகுதியை மட்டும் நீ படித்துவிட்டு நம்பாமல் இருந்துவிடு, எழுத்து நன்றாக வந்திருக்கிறது. நீ அன்று சொன்னது சரி. அவனிடம் ஒரு வார்த்தை சொல் என்று கேட்டதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நீ எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் சொல்லலாம், நான்காம் விதி இருப்பதால் அதற்குச் சாலையைக் கடக்க வேண்டும். டெல்மரிடம் கேட்டேன், அவனும் கூடவே கடந்து வந்து நிற்கிறானாம், எவ்வளவு நேரமானாலும்.

வா, லவோன். முனையை இன்று காலை எடுத்துப் பார்த்தோம், அவன் தன் சட்டை நுனியால் துடைத்தான், விதிப்படி திரும்ப வைத்து மூடிவிட்டோம். கல்லை மட்டும் வைக்கவில்லை, இந்தத் தடவை அவ்வளவு ஆழத்திலும் இல்லை.